கோழி இறக்கையும் செலரித் தண்டும்: செல், திசு, உறுப்பு சொல்லிக்கொடுக்க ஒரு சனிக்கிழமை போதும்

என் பேத்தி இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். போன மாதம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அறிவியல் பாடத்தை ஒப்பித்தாள். செல்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து மண்டலம், மண்டலங்கள் சேர்ந்து உடல். ஒரு தடங்கல் இல்லை. சரி, ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம் என்று, "ரத்தம் எதில் சேர்த்தி, திசுவா உறுப்பா?" என்றேன். பேச்சு நின்றுவிட்டது. "அப்போ தோல்?" என்றேன். "தோல் ஒரே லேயர்தானே பாட்டி, திசுவா இருக்கும்" என்றாள்.

ரத்தம் திசு. தோல் உறுப்பு. கெட்டிக்காரப் பிள்ளைதான், நன்றாகத்தான் படித்திருந்தாள். ஆனால் ஏணிப்படி மாதிரி படித்திருந்தாள். எந்தப் படிக்கு மேல் எந்தப் படி என்று தெரிந்தது. ஒன்று மற்றொன்றுக்கு என்ன செய்கிறது என்று தெரியவில்லை.

நான் 27 வருடம் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் திசு சீவும் வேலை பார்த்தவள். அறுவைச் சிகிச்சையில் எடுத்த துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலில் போட்டு அதிலுள்ள நீரை எடுத்து, மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற கருவியில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் 1 மைக்ரான். சீவிய ஏடு வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுத்துச் சாயம் போட்டால் செல்லின் உட்கரு நீல ஊதாவாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். அத்தனை வருடத்தில் ஒரே வகைத் திசு மட்டும் இருக்கிற உறுப்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இரைப்பையில் நகக்கண் அளவு துண்டு எடுத்தாலும் உள்பக்கம் சளியும் அமிலமும் சுரக்கும் செல் வரிசை இருக்கும். அதற்கு அடியில் தாங்கிப் பிடிக்கிற இணைப்புத் திசு, அதற்குள் ரத்தக் குழாய், நரம்பு, வெளியே தசை அடுக்குகள். எல்லாம் ஒரே வீட்டில் குடியிருக்கும்.

அதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்ட முடியும். ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு சனிக்கிழமை போதும். நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். எதைக் காட்டினாலும் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: இது மற்றதுக்கு என்ன கொடுக்கிறது? மற்றதிடம் என்ன வாங்கிக்கொள்கிறது?

தொடங்கும் முன் 'திசு' என்ற சொல்லைத் தெளிவாக்கிவிடுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு 'டிஷ்யூ' என்றாலே உணவங்காடியில் இடம் பிடிக்க மேசையில் வைக்கும் பொட்டலம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லின் மூலம் பிரெஞ்சு. நெய்த துணி என்று பொருள். ஒரே மாதிரி இழைகளைச் சேர்த்து நெய்தது துணி, ஒரே வேலைக்கான செல்களைச் சேர்த்து நெய்தது திசு. இதைச் சொன்னதும் பேத்தி தன் பாவாடை நுனியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அது போதும், மேலே போகலாம்.

முந்தின நாளே வாங்க வேண்டியவை

தேக்கா சந்தையிலோ உங்கள் வட்டார ஈரச்சந்தையிலோ முழுக் கோழி இறக்கை இரண்டு வாங்குங்கள். நுனி வெட்டாமல், தோல் உரிக்காமல் கேளுங்கள். ஒன்றில் தவறினாலும் இன்னொன்று இருக்கும். இலையோடு கூடிய செலரி ஒரு கட்டு, சிவப்பு வெங்காயம் ஒன்று, கேசரிக்குப் போடும் சிவப்புக் கலர். உருப்பெருக்கி ஏதாவது ஒன்று வேண்டும். பள்ளியில் பயன்படுத்தும் நுண்ணோக்கி கிடைத்தால் மிக நல்லது. நாங்கள் ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியைப் பயன்படுத்தினோம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் அவருடைய குழுவினரும் வடிவமைத்தது, சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கைப்பேசியில் மாட்டும் லென்ஸ் இருந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம்.

வெள்ளிக்கிழமை இரவே ஒரு வேலையை முடித்து வையுங்கள். செலரியில் மூன்று தண்டு எடுத்து அடியைப் புதிதாக வெட்டுங்கள். மூன்றையும் கலர் கரைத்த தண்ணீரில் தனித்தனிக் குவளையில் நிறுத்துங்கள். ஒன்று இலையோடு மின்விசிறிக்குக் கீழே. இன்னொன்று இலையோடு, ஆனால் மேலே பிளாஸ்டிக் பை மூடியபடி. மூன்றாவதில் இலைகளை எல்லாம் கிள்ளிவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் விசிறி இல்லாவிட்டால் கலர் ஏற நேரமாகும்.

இறக்கையைப் பிரிப்பது

சமைக்காத கோழியில் வயிற்றுக்குக் கேடு செய்யும் கிருமிகள் இருக்கலாம். அதனால் இதற்கென்று தனிப் பலகை, தனிக் கத்தரிக்கோல். குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள், தண்ணீரோடு கிருமியும் தெறிக்கும். காகிதத்தால் ஒற்றி எடுத்தால் போதும். முடிந்ததும் கை, பலகை, மேசை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அவசரப்படாதீர்கள். இந்த ஒரு இறக்கைக்கு ஒரு மணி நேரம் கொடுக்கலாம், அத்தனை விஷயம் இருக்கிறது.

முதலில் தோலை விரலால் தூக்கிப் பிடித்து நீளவாக்கில் வெட்டி மெல்ல உரியுங்கள். வெளியே தெரிவது மூடு திசு. செல்கள் நெருக்கமாக ஒட்டி நிற்பதால்தான் கிருமி உள்ளே போவதில்லை, ஈரம் வெளியே போவதில்லை. தோலுக்கு அடியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருப்பது கொழுப்பு. உரிக்கும்போது ஈரமான சிலந்தி வலை மாதிரி இழைகள் வரும். அது இணைப்புத் திசு. பேத்தி அதைத் துடைத்துப் போடப் பார்த்தாள், நான் தடுத்தேன். தோலைத் தசையோடு பிடித்து வைத்திருப்பதே அதுதான். தோல் ஏன் உறுப்பு என்பதற்கு இங்கேயே பதில் இருக்கிறது: மூடு திசு, இணைப்புத் திசு, அவற்றுக்கு ஊட்டம் தரும் ரத்தக் குழாய், தொடுவதை உணரும் நரம்பு, இத்தனையும் சேர்ந்து பாதுகாப்பு என்கிற ஒரு வேலையைச் செய்கின்றன.

அடுத்து வெளிர் இளஞ்சிவப்பில் கட்டுக் கட்டாக இருக்கும் தசை. ஒரு கட்டை மட்டும் பற்குச்சியால் மற்றதிலிருந்து பிரியுங்கள், வெட்ட வேண்டாம். அதன் முனையில் தசை முடிந்து, பளபளவென்று வெள்ளை நாடா ஒன்று தொடங்கி எலும்பில் போய் ஒட்டும். அது தசைநாண். இப்போது இறக்கையின் மேல்பகுதியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தசையை இழுக்கச் சொல்லுங்கள். மூட்டு மடங்கும். எதிர்ப்பக்கத் தசையை இழுத்தால் நீளும்.

பேத்தி அதைப் பத்துத் தடவையாவது செய்திருப்பாள். செய்துகொண்டிருக்கும்போதே கேளுங்கள்: "இந்தத் தசையால் தள்ள முடியுமா?" முடியாது. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். அதனால்தான் அவை எதிரெதிராக ஜோடி சேர்ந்து இருக்கின்றன. அவளையே முழங்கையை மடக்கி நீட்டச் சொல்லி, மேல்கையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மடக்கும்போது முன்பக்கம் இறுகுகிறது, நீட்டும்போது பின்பக்கம். தசைநாண் இல்லாவிட்டால் தசை சும்மா சுருங்கும், எலும்பு அசையாது. எலும்பு இல்லாவிட்டால் இழுப்பதற்கு ஒரு பிடிமானம் கிடைக்காது.

தசைக் கட்டுகளுக்கு இடையில் மெல்லிய நூல்கள் ஓடும். கருஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் ரத்தக் குழாய். வெள்ளையாக, இழுத்தால் சட்டென அறாமல் வருவது நரம்பு. இரண்டும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் போகும். சுருங்கு என்று சொல்வது நரம்பு. சுருங்குவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் சர்க்கரையையும் கொண்டுவந்து, கழிவை எடுத்துப் போவது ரத்தம்.

இனி மூட்டைத் திறங்கள். எலும்பு முனையில் வழுவழுவென்று, சற்றே நீலம் பாய்ந்த வெள்ளையில் ஒரு மூடி இருக்கும். குருத்தெலும்பு. பேத்தியிடம் லென்ஸைக் கொடுத்து, "இதில் ரத்தக் குழாய் எங்கே இருக்கிறது, கண்டுபிடி" என்றேன். வெகுநேரம் தேடினாள். கிடைக்காது. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்து ஊட்டம் மெல்ல ஊறித்தான் அந்தச் செல்களைச் சேர வேண்டும். அதனால்தான் முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்தால் எளிதில் ஆறுவதில்லை. "அதனாலதான் நீங்க மாடிப்படி இறங்கும்போது கம்பியைப் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் முழங்காலை அவள் அதுவரை ஒரு உறுப்பாக நினைத்துப் பார்த்திருக்க மாட்டாள்.

கடைசியாக நடுப்பகுதியில் இருக்கும் இரண்டு எலும்பில் தடித்ததைக் குறடால் உடையுங்கள். உள்ளே சிவப்பாகத் தெரிவது மஜ்ஜை, ரத்த அணுக்கள் பிறக்கும் இடம். மனிதர்களின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதற்கு உட்கரு கிடையாது. ஆக்சிஜனைப் பிடித்துச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டும் என்று அதை வெளியே தள்ளிவிட்டுத்தான் வேலைக்கு வருகிறது. கோழியின் சிவப்பணுவில் உட்கரு இருக்கும், அந்த வித்தியாசத்தையும் சொல்லிவிடுங்கள். எலும்பு தசைக்குப் பிடிமானம் கொடுக்கிறது. கூடவே அந்தத் தசைக்கு ஆக்சிஜன் சுமந்து வரும் அணுவையும் தயாரித்து அனுப்புகிறது.

இந்த இடத்தில் ஒரு காகிதம் எடுத்து அம்புக்குறி போட வையுங்கள். தசையிலிருந்து எலும்புக்கு, எலும்பிலிருந்து ரத்தத்துக்கு, ரத்தத்திலிருந்து தசைக்கு. ஏணியாக வரைந்த பிள்ளை இப்போது வட்டமாக வரையும்.

படிக்கட்டு

கை கழுவியதும் கீழ்த்தளத்துக்குப் போங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மணிக்கட்டில் 30 வினாடி நாடித் துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பிறகு நான்காம் மாடி வரை வேகமாக ஏறி, நின்ற உடனே மறுபடி எண்ணுங்கள். (இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ள பிள்ளைகள் மெதுவாக ஒரு மாடி ஏறினால் போதும்.)

எண் கூடும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏன் கூடுகிறது என்று தொடைத் தசையிலிருந்து தொடங்கிச் சொல்ல வையுங்கள். தசைச் செல் ஆக்சிஜனைச் செலவழித்துக் கரியமில வாயுவை ரத்தத்தில் விடுகிறது. அது கூடுவதை மூளைத்தண்டு கண்டுபிடிக்கிறது. நரம்பு வழியாக, மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானத்துக்கும் இதயத்துக்கும் செய்தி போகிறது. மூச்சும் துடிப்பும் வேகமாகின்றன. சும்மா இருக்கும்போதே பெரியவர்களின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் தள்ளும்.

நான் வேலை பார்த்த காலத்தில் என்னை மிகவும் பாதித்த விஷயம் ஒன்றையும் அவளிடம் சொன்னேன். இதயத்துக்குள் ரத்தம் நிறைந்து ஓடுகிறது. ஆனால் அதன் தடித்த சுவர் அந்த ரத்தத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியாது. உடம்பு முழுவதற்கும் அனுப்பும் பெரிய குழாயிலிருந்து பிரிந்து, வெளிப்பக்கமாகச் சுற்றி வரும் சிறு குழாய்கள்தான் அதற்கும் ஊட்டுகின்றன. அவற்றில் ஒன்று அடைத்தால்தான் மாரடைப்பு. கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட உறுப்பும் வாங்கித்தான் வாழ்கிறது.

செலரி என்ன சொல்கிறது

சனிக்கிழமை பிற்பகலுக்குள் விசிறிக்கடியில் இருந்த செலரியின் இலை நரம்புகள் சிவந்திருக்கும். பை மூடியதில் குறைவாக ஏறியிருக்கும். இலை கிள்ளியதிலும் அப்படித்தான். தண்டைக் குறுக்கே வெட்டினால் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். ஒரு புள்ளியை நகத்தால் பிடித்து நீளவாக்கில் இழுத்தால் நாராக வரும். அதற்குள் இருக்கிறது சைலம், நீர் ஏறும் குழாய்த் திசு. நாம் தண்டு என்று சொல்லிச் சாப்பிடும் செலரி உண்மையில் இலைக்காம்பு என்பதையும் போகிறபோக்கில் சொல்லுங்கள்.

"செடிக்கு இதயம் எங்கே?" என்று கேளுங்கள். கிடையாது. இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகப் போகப் போக, கீழே உள்ள நீர் ஒன்றையொன்று பிடித்தபடி மேலே இழுபடுகிறது. வெயிலும் காற்றும்தான் அங்கே பம்பு. இலை இல்லாத தண்டில் கலர் குறைவாக ஏறியதற்குக் காரணம் அதுதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு நடைவழித் தொட்டிகளில் மேலே பச்சையும் அடியில் ஊதாவுமாக ஒரு செடி இருக்குமே, ரோயோ என்பார்கள், அதன் அடித்தோலைக் கிள்ளி உரித்து நுண்ணோக்கியில் வையுங்கள். ஊதாச் செல்களுக்கு நடுவே பச்சையாக இரண்டு அவரைவிதை எதிரெதிரே இருக்கும். அவைதான் காப்புச் செல்கள். உள்ளே நீர் நிறைந்தால் வளைந்து துளையைத் திறக்கும், நீர் குறைந்தால் மூடும். வேர் நீர் அனுப்பவில்லை என்றால் இலை கதவைச் சாத்திவிடுகிறது. அப்படிச் சாத்தினால் கரியமில வாயு உள்ளே வராது, சர்க்கரை செய்வது குறையும், வேருக்கும் சாப்பாடு குறையும்.

சைலம் செல்கள் இறந்து, உள்ளே காலியான பிறகுதான் நீர்க்குழாயாகின்றன. இலை செய்த சர்க்கரையைக் கொண்டுபோகும் புளோயம் அப்படி இல்லை, உயிரோடு இருக்கிறது. ஆனால் அதன் குழாய்ச் செல்லில் உட்கரு கிடையாது. பக்கத்திலேயே துணைச் செல் ஒன்று ஒட்டி நின்று அதை உயிரோடு வைத்திருக்கிறது. காலையில் பேசிய சிவப்பணுவை இங்கே நினைவுபடுத்துங்கள்.

இதை என் அம்மா பாடமாகப் படித்ததில்லை. மலேசியாவின் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அவருக்குத் திசு என்ற சொல் தெரியாது, திசு தெரியும். ரப்பர்ப் பால் ஓடும் குழல்கள் மரப்பட்டையின் மென்மையான உள்பகுதியில், புளோயத்தோடு சேர்ந்து இருக்கின்றன. அதற்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு. புதுப் பட்டையும் புதுக் கட்டையும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. கத்தி அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டருக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆழமாகப் போனால் அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. "மரத்துக்குக் காயம் படக்கூடாது" என்பார் அம்மா. விடிவதற்கு முன்பே வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறி இலை நீரை இழக்கத் தொடங்கும் முன், செல்களுக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும். பால் நன்றாக ஓடும்.

1877-ல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-ல் நம்முடைய பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சாய்வாகச் சீவி மறுபடி மறுபடி பால் எடுக்கும் முறையை அங்கேதான் உருவாக்கினார். பிள்ளைகளைப் பூமலைக்குக் கூட்டிப்போனால் இதைச் சொல்லுங்கள். நம் பாட்டிமார்களின் கைவேலைக்கு அடியில் இருந்த அறிவியல் இது.

வெங்காயம், அப்புறம் தூங்குமூஞ்சி மரம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சிவப்பு வெங்காய ஏட்டின் ஊதாப் பக்கத்திலிருந்து மெல்லிய தோலை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். செங்கல் அடுக்கியது போலச் செல்கள், ஒவ்வொன்றிலும் ஊதா நிறைந்திருக்கும். இப்போது ஓரத்தில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடங்களில் ஊதா சுருங்கிச் சுவரை விட்டு விலகும். சுவர் அப்படியே நிற்கும். கீரை வாடுவது இப்படித்தான். நமக்கு எலும்பு செய்கிற வேலையைச் செடியில் செல்சுவரும் உள்ளே இருக்கும் நீரும் சேர்ந்து செய்கின்றன. நம் செல்லுக்குச் சுவர் இல்லை.

சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் கீழே இறங்குங்கள். நம் சாலையோரங்களில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், எல்லா வட்டாரத்திலும் உண்டு. மலாய்க்காரர்கள் இதைப் 'புக்குல் லிமா' என்பார்கள், ஐந்து மணி என்று பொருள். எங்கள் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், அவர்தான் பேத்திக்கு அந்தப் பெயரைச் சொன்னார். எட்டும் உயரத்தில் ஒரு கிளையைப் பார்த்து, சிற்றிலையின் அடியில் பருத்திருக்கும் சிறு முடிச்சைக் காட்டுங்கள். முடிச்சின் ஒரு பக்கச் செல்கள் பொட்டாசியத்தை வெளியே விடுகின்றன, நீரும் பின்னாலேயே போய்விடுகிறது. அந்தப் பக்கம் தளர்கிறது, எதிர்ப்பக்கம் புடைக்கிறது, இலை மடிகிறது. காலையில் இறக்கையில் பார்த்த அதே எதிரெதிர் ஜோடி. தசை இல்லை, நரம்பு இல்லை, வெறும் நீர்.

அருகில் புல்தரை இருந்தால் தொட்டாற்சுருங்கியும் இருக்கும், அதிலும் அதே முடிச்சுதான். தொட்ட உடனே நடப்பதால் பிள்ளைகளுக்கு அது இன்னும் பிடிக்கும். ஆனால் மரத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கைவிளக்கு ஒன்று எடுத்துப் போங்கள், ஏழேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். பேத்தி ஒரே கிளையை ஆறரைக்கும் ஏழுக்கும் கைப்பேசியில் படமெடுத்தாள். இரண்டாவது படத்தில் இலைகளுக்கு நடுவே வானம் தெரிந்தது.